காட்டியலின் கதை – பகுதி 5: மலைக்குக் கிடைத்த காவல், கரைக்குக் கிடைக்காத காவல்

மலாயாவில் காட்டியல் ஆராய்ச்சிக்கு வித்திட்டது தண்ணீர்க் கவலை. பினாங்கு மலைக்காடுகளை இப்படியே அழித்துக்கொண்டு போனால் தீவின் தட்பவெப்பம் என்ன கதிக்கு ஆளாகும் என்று 1848இல் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியத் தீவுக்கூட்டத்தையும் கிழக்காசியாவையும் பற்றி அவரே சிங்கப்பூரில் நடத்திவந்த ஆய்விதழின் இரண்டாம் தொகுதியில் அது வெளிவந்தது. லோகன் தாவரவியல் படித்தவர் அல்லர். ஸ்காட்லாந்தில் பிறந்து, 1839இல் இருபது வயதில் பினாங்குக்குப் பிழைக்க வந்தவர். வழக்கறிஞராக இருந்தபடியே பாறை, மண், மொழி, இனக்குழு என்று கண்ணில் பட்டதையெல்லாம் துருவி ஆராய்ந்தார். 1869இல் அவர் இறந்த பிறகு ஊரார் எழுப்பிய நினைவுச்சின்னம் ஜார்ஜ் டவுன் நீதிமன்றத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. ஐரோப்பியர் அல்லாத குடிமக்களுக்காக அவர் வாதாடியதற்கான நன்றிக்கடன் அது. காட்டுக்காக அவர் வாதாடியதை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

அன்றைய ஆளுநர் வில்லியம் ஜான் பட்டர்வொர்த். சென்னைப் படையில் அதிகாரியாக இருந்து, 1843இல் சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராகி, 1855 வரை அந்தப் பதவியில் இருந்தவர். தீவுக்கு எதிர்க்கரையில் வளர்ந்த ஊர் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதைப் பாகான் என்றும் சொல்வார்கள்.

கிராம்பும் சாதிக்காயும் ஏறிய மலை

பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் இறங்கியபோது தீவு ஏறக்குறைய முழுக்கக் காடு. முதலில் மிளகு வந்தது. மிளகு விலை சரிந்தபின், மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கிராம்பும் சாதிக்காயும் அதன் இடத்தைப் பிடித்தன. சமவெளி நிரம்பியதும் பயிர்கள் மலைச்சரிவில் ஏறின. பினாங்கு மலை எனப்படும் 833 மீட்டர் உயரமுள்ள கொடிமலையின் அடித்தளம் கருங்கல். கல் உதிர்ந்து உண்டான மணற்பாங்கான மண் அதன்மேல் கிடக்கிறது. மேலேயுள்ள வளமான அடுக்கு மிக மெல்லியது. மழை குறைந்த மாதங்களில் மரத்தை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, தீ வைத்து, சாம்பலில் கன்று நடுவது வழக்கம். பருவமழை இறங்கியதும் அந்த மேல்மண்தான் முதலில் ஓடையோடு போகும்.

கடற்கரை நகரத்துக்கும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் குடிநீர் தந்தது இதே மலைதான். தமிழர் தண்ணீர்மலை என்று அழைக்கும் பகுதியின் அருவியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. இன்று தைப்பூசத்துக்குக் காவடிகள் ஏறும் முருகன் கோயில் முன்பு அருவிக்குப் போகும் வழியில் இருந்தது. குடிநீர்ப் பணிகளுக்காக அந்த இடத்தை அரசு எடுத்துக்கொண்ட பிறகே அது இப்போதைய குன்றுக்கு மாறியது. மலையில் மரம் விழுந்தால் நகரத்தில் குடம் காலியாகும் என்பது அன்றைய பினாங்குக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டிய செய்தி அல்ல.

லோகன் அந்த ஊரறிந்த செய்தியை ஒரு வாதமாக்கினார். அவருடைய தலைமுறை அறிஞர்களுக்கு வழிகாட்டி அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட். 1800இல் வெனிசுவேலாவின் வலென்சியா ஏரி சுருங்கிவருவதைக் கண்ட ஹம்போல்ட், சுற்றியிருந்த காடு அழிந்ததே காரணம் என்று எழுதியிருந்தார். அந்தக் கண்ணோட்டத்தோடு பினாங்கு மலையைப் பார்த்தார் லோகன். தட்பவெப்பம் ஊர் முழுமைக்கும் பொதுவானது, ஆகவே அதைக் கேட்டிலிருந்து காப்பது அரசின் கடமைகளில் ஒன்று என்பது அவர் கட்டுரையின் சாரம். தனியார் நிலத்தில் தனியார் மரத்தை வெட்டுகிறார், அதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்கப்பட்ட காலத்தில் இது துணிச்சலான பேச்சு. சிங்கப்பூரில் குன்றுகளின் உச்சிக் காடுகளை இனி அழிக்கக்கூடாது என்று ஆளுநர் முற்றாகத் தடை செய்திருப்பதை அதே கட்டுரையில் அவர் பாராட்டிச் சொல்கிறார். தடை போட்ட ஆளுநர் பட்டர்வொர்த்.

இந்த எண்ணம் பினாங்கில் மட்டும் முளைத்ததன்று. 1847இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள், மரங்களுக்கும் நாட்டின் மழைக்கும் என்ன உறவு என்று இந்திய மாகாணங்களிடம் விவரம் கேட்டிருந்தனர். சென்னையில் எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அதே பொருளைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1849இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் வந்தன. சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கியவரும் அவர்தான். இன்னொரு மருத்துவரான ஹியூ கிளெக்ஹார்ன் 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். பினாங்கும் சென்னையும் அப்போது ஒரே கம்பெனியின் ஆட்சியில் இருந்தன. ஆனால் சென்னைக்குக் கிடைத்த வனத்துறை பினாங்குக்குக் கிடைக்க இன்னும் முப்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த இடைவெளியின் விலை பெரிது. ஆளுநர் ஆணை போடலாம். அதை நடத்திக்காட்ட ஆள் வேண்டும், எல்லைக்கல் வேண்டும், வரைபடம் வேண்டும். மூன்றும் இல்லை. சிங்கப்பூரில் காட்டைத் தின்றது கம்பியர் பயிர். அதன் இலையையும் இளங்கொம்பையும் பெரிய இரும்புக் கொப்பரையில் கொட்டி மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். இலைச்சக்கையை வாரி எடுத்துவிட்டு, சாறு கூழாக இறுகும்வரை மேலும் காய்ச்சி, ஆறியபின் கட்டிகளாக வெட்டி உலர்த்துவார்கள். தோல் பதனிடவும் சாயத்துக்கும் அந்தக் கட்டி கப்பலேறியது. அடுப்பு அணையாமல் இருக்க விறகு வேண்டும். ஆகையால் தோட்டத்தைச் சுற்றியிருந்த காடும் அடுப்புக்குள் போனது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் சாரமிழந்து, விறகும் தீர்ந்ததும், தோட்டக்காரர் வேறு காட்டைத் தேடிப் போவார். விட்டுப்போன நிலத்தை லாலாங் புல் மூடும். கோடையில் தீப்பிடித்தாலும் மண்ணுக்கடியிலுள்ள கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும் புல் அது. அதன் நடுவே ஒரு மரக்கன்று தலைதூக்குவது அரிது.

இதன் கணக்கை முதன்முதலில் முறையாக எடுத்தவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் நத்தானியல் கேண்ட்லி. நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் பற்றிய அவரது அறிக்கை 1883இல் வெளியானது. சிங்கப்பூர்த் தீவில் ஏழு சதவீத அளவுக்கே காடு மிஞ்சியிருப்பதை அது காட்டியது. காப்புக்காடுகளை எல்லை குறித்து ஒதுக்க வேண்டும் என்ற அவரது பரிந்துரை ஏற்கப்பட்டு, சிங்கப்பூர், மலாக்கா, பினாங்கு மூன்றிலும் வேலை தொடங்கியது.

பினாங்குக்கு 1884இல் வந்து சேர்ந்தவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணைக்காக போர்னியோக் காடுகளில் செடி தேடி அலைந்தவர். தோட்டம், காடு இரண்டையும் பார்த்துக்கொள்ளும் துணைக் கண்காணிப்பாளர் என்பது அவர் பதவி. அருவிப் பள்ளத்தாக்கில் கல்லுடைத்துக் கைவிட்ட குழியை அவர் தாவரவியல் பூங்காவாக்கினார். தீவில் தானாக வளரும் பூக்கும் தாவரங்கள், பெரணிகள் அனைத்தையும் தொகுத்து 1894இல் பட்டியல் வெளியிட்டார். பினாங்கில் எது இருந்தது, எது போனது என்று இன்றைய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பட்டியலே அடிப்படை. 1903இல் அவர் ஓய்வு பெற்றார். 1910இல் அந்தப் பூங்காவையே நீர்த்தேக்கமாக்கும் எண்ணத்தில் நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டதால் 1912இல் பூங்கா உயிர் தப்பியது. தண்ணீருக்காகக் காக்கப்பட்ட காட்டுக்குத் தண்ணீராலேயே ஆபத்து வந்ததை வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

அக்கரையில் யாரும் எழுதாத கட்டுரை

லோகன், கேண்ட்லி, கர்ட்டிஸ் மூவரின் பார்வையும் பெரும்பாலும் மலைமேலேயே இருந்தது. எதிர்க்கரையில், 1800இல் கெடாவிடமிருந்து பெற்ற வெல்லெஸ்லி மாநிலத்தில் நடந்ததை யாரும் அந்த அளவுக்குக் கவலையோடு பார்க்கவில்லை. பத்து காவானில் சீனர்கள் தொடங்கிய கரும்புச் சாகுபடி 1840களில் ஐரோப்பியர் கைக்குப் போய்ப் பெருந்தோட்டங்களாக விரிந்தது. பட்டர்வொர்த்துக்குத் தெற்கே நிபோங் திபால் வரையிலான தாழ்நிலம் வண்டலும் சதுப்பும் கலந்தது. கடலோரம் நெடுகப் பாக்காவ் எனப்படும் சதுப்புநில மரங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தமிழர்கள் அந்தச் சேற்றில் வாய்க்கால் வெட்டினார்கள், கடல்நீரைத் தடுக்கக் கரை கட்டினார்கள், கரும்பு நட்டார்கள். கரும்புச்சாற்றைக் காய்ச்சவும் விறகுதான் எரிந்தது. காலிடோனியா, பைராம் போன்ற தோட்டப் பெயர்கள் அந்தக் காலத்தின் எச்சம். 1910களில் சர்க்கரை நொடித்தது. ரப்பர் அதன் இடத்துக்கு வந்தது. பிறகு செம்பனை வந்தது. பயிர் மாறினாலும் சதுப்புக்காடு திரும்பவில்லை.

மலைக்காட்டுக்குக் குடிநீர் என்ற வலுவான வழக்கு இருந்தது. சதுப்புக்காட்டுக்காக வாதாட வந்தவர்கள் மீனவர்கள் மட்டுமே, அவர்களிடம் ஆய்விதழ் இல்லை. பினாங்கின் காட்டியல் வரலாற்றில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். புக்கிட் மெர்தாஜாம், புக்கிட் பாஞ்சோர் போன்ற ஓரிரு குன்றுகள் காப்பாற்றப்பட்டன. அவையும் குன்றுகள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் காட்டியல் தனித்துறையானது. இந்திய வனப்பணியைச் சேர்ந்த ஹெச். சி. ஹில் 1900இல் ஆய்வறிக்கை தந்தார். பர்மாவில் பணியாற்றிய பர்ன்-மர்டாக் 1901இல் தலைமை வன அதிகாரியானார். ஃபாக்ஸ்வர்த்தி என்ற அமெரிக்க வனவியலாளர் 1920களில் ஆராய்ச்சி நிலையத்துக்கு இடம் தேடி, வெள்ளீயம் தோண்டி நாசமான கெப்போங் நிலத்தைத் தேர்ந்தெடுத்தார். 1929இல் அங்கே நிலையம் எழுந்தது. இன்றைய மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் அதுதான். தரிசில் மரம் நட்டு வளர்த்த அந்தக் காடு 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

கெப்போங்காரர்களின் பெருமைமிக்க வேலை நெகிரி செம்பிலானின் பாசோ காட்டில் நடந்தது. 1985 முதல் அங்கே 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டி, இனம் கண்டு, வரைபடத்தில் குறித்தார்கள். மொத்தம் சுமார் 3,35,000 மரங்கள். எண்ணூறுக்கு மேற்பட்ட இனங்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை மீண்டும் அளந்து, எது செத்தது, எது வளர்ந்தது என்று பார்க்கிறார்கள். இதே முறையில் 1988இல் தமிழ்நாட்டின் முதுமலையில் 50 ஹெக்டேரை இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் அளந்தார்கள். அங்கே கிடைத்தவை எழுபது சொச்சம் இனங்களே. முதுமலை கோடையில் இலையுதிர்க்கும் காடு. தீயும் யானையும் அதன் உருவத்தைத் தீர்மானிக்கின்றன. பாசோ ஆண்டு முழுவதும் ஈரமான காடு. ஒரே அளவுகோலால் இரண்டையும் அளந்ததால்தான் இந்த வேறுபாடு எண்ணாகக் கையில் கிடைத்தது.

லோகனின் கேள்விக்குக் கிடைத்த விடை

காடு போனால் தண்ணீர் குறையுமா? லோகன் கேட்டதற்கு மலேசிய மண்ணிலேயே சோதனை மூலம் விடை தேட நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. நெகிரி செம்பிலானின் பெரெம்புன் காட்டில் அருகருகே மூன்று சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு ஓடையின் குறுக்கேயும் சிறு தடுப்பணை. அதன் நடுவே ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் ஒரு வெட்டு. வெட்டின் வழியே பாயும் நீரின் உயரத்தைப் பதிவுக்கருவி இரவுபகலாகக் குறித்துக்கொண்டிருக்கும். உயரம் தெரிந்தால் ஓடையில் போகும் நீரின் அளவு தெரியும். முதல் சில ஆண்டுகள் எதையும் தொடாமல் மூன்று ஓடைகளையும் ஒப்பிட்டார்கள். பிறகு 1980களில் ஒன்றில் வழக்கமான வணிக முறையிலும், இன்னொன்றில் மேற்பார்வையோடும் மரம் வெட்டினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள்.

முடிவு லோகனின் எதிர்பார்ப்புக்கு நேர்மாறாக இருந்தது. வெட்டிய இரண்டு ஓடைகளிலும் நீரோட்டம் கூடியது. வணிக முறையில் வெட்டியதில் அதிகமாகக் கூடியது. காரணம் எளிது: மரம் வேரால் உறிஞ்சி இலைவழியே காற்றில் விடும் நீர், மரம் இல்லாதபோது ஓடைக்கு வருகிறது. அந்த நீரோடு மண்ணும் வந்தது. லாரிப் பாதைகளிலும் மரத்தை இழுத்துச் சென்ற தடங்களிலும் இறுகிப்போன மண் மழையை உள்ளே விடாமல் அரித்துக்கொண்டு ஓடியது. பகாங்கின் தெக்காம் ஆற்றுப் பகுதியில், காட்டை அழித்துக் கொக்கோவும் செம்பனையும் நட்ட இடத்திலும் நீரோட்டம் கூடவே செய்தது.

ஆக, காடு தண்ணீரை உற்பத்தி செய்கிறது என்ற பழைய நம்பிக்கை அப்படியே தேறவில்லை. பினாங்கு போன்ற சிறு தீவின் மழை கடலிலிருந்து வருவது; கொடிமலையில் மரம் வெட்டியதால் பருவமழை தவறும் என்று சொல்ல ஆதாரமில்லை. போர்னியோ போன்ற பெருந்தீவுகளில் காடு பெருமளவில் அழிந்தால் மழை குறைகிறது என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. ஊற்றையும் மண்ணையும் பொறுத்தவரை லோகனின் அச்சம் சரி. உதிர்ந்த இலையும் வேர்த்துளைகளும் நிறைந்த காட்டுமண் மழையை வாங்கி மெதுவாக விடுகிறது. மண் இறுகி மேலடுக்கு போனால் மழைநாளில் வெள்ளம், வெயில்நாளில் வறண்ட ஓடை. குடிநீர் வழங்குவோருக்குத் தேவை ஆண்டின் மொத்த நீரைவிட, மழையில்லாத வாரங்களில் வரும் தெளிந்த நீர். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் தீவில் மலைச்சரிவுகள் பெயர்ந்தன. பட்டர்வொர்த் பகுதி தண்ணீரில் மிதந்தது. மாநிலத்தில் ஏழு பேர் இறந்தனர். அவ்வளவு மழையை எந்தக் காடும் முழுதாக வாங்கியிருக்காது. ஆனால் வெட்டித் திறந்த சரிவு முதலில் பெயரும் என்பதில் ஐயமில்லை.

கரையோரத்துக்கான வாதம் தாமதமாக, வேறு வாயிலாக வந்தது. 1960களில் அக்கரையின் மாக் மண்டினிலும் பிறகு பிறையிலும் தொழிற்பேட்டைகள் எழுந்தன. ஆலைக்கழிவு ஜூரு ஆற்றில் கலந்து கோலா ஜூரு மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தது. 1970களில் இதை ஆய்ந்து வெளிக்கொணர்ந்தது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தியவர் தமிழ்நாட்டில் பிறந்த எஸ். எம். முகமது இத்ரிஸ், 2019இல் மறைந்தார். 1977இல் மலேசிய இயற்கைத் தோழர்கள் இயக்கமும் அவர் தலைமையில் உருவானது. பல்கலைக்கழக ஆய்வை மீனவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனதும், மீனவர் சொன்னதை ஆய்வாக்கியதும் இந்த இயக்கங்களின் சாதனை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் மலேசியா இழந்த 68 உயிர்களில் பெரும்பாலானவை பினாங்கில் போனவை. அதன்பிறகுதான் பாக்காவ் மரத்தின் மதிப்பு அரசு அலுவலகங்களுக்குப் புரிந்தது. பினாங்கு கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990களின் பிற்பகுதியிலிருந்தே நிபோங் திபால் பக்கம் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களை நடத் தூண்டியது மீன்வளம் குறைந்த கவலை. பட்டர்வொர்த்துக்கு வடக்கே, தெலோக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரையிலான சேற்றுவெளி உலக அளவில் முக்கியமான பறவைப் பகுதியாகக் குறிக்கப்பட்டுள்ளது. உலகில் அருகிவிட்ட நார்ட்மன் பச்சைக்காலி உள்ளிட்ட வலசைப் பறவைகள் அங்கே இரை தேடுகின்றன. கொடிமலை 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. அக்கரைச் சேற்றுவெளிக்கு அப்படி ஒரு தகுதி இன்னும் இல்லை.

லோகனின் வழக்கு இன்றும் முடியவில்லை, எல்லைதான் நகர்ந்திருக்கிறது. பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் நீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மூடா ஆற்றிலிருந்து வருகிறது. லஹார் தியாங்கில் எடுக்கப்படும் நீர் பட்டர்வொர்த்தை அடுத்த சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, ஒரு பகுதி கடலடிக் குழாய்களில் தீவுக்குப் போகிறது. தீவின் குடிநீருக்குத் தீவின் மலை போதாமல் போய் வெகுகாலமாயிற்று. மூடா ஆறு பிறக்கும் உலு மூடா காடு சுமார் 1,60,000 ஹெக்டேர். முழுவதும் கெடா மாநிலத்துக்குள் இருக்கிறது. நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மர வருமானமும் மாநிலத்துக்கே. மரத்தை வெட்டாமல் விடுவதால் கெடாவுக்கு நட்டம், குழாயைத் திறந்தால் பினாங்குக்கு லாபம். கெடா இழப்பீடு கேட்கிறது, பினாங்கு மறுக்கிறது. தட்பவெப்பம் ஊர் முழுமைக்கும் பொது என்று லோகன் எழுதியபோது ஊர் என்பது ஒரே ஆளுநரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. இரண்டு மாநில அரசுகளுக்கு நடுவே அந்தக் கடமையை யார் ஏற்பது என்று கூட்டரசுதான் முடிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான நீரியல் கணக்குகள் பெரெம்புன் காலத்திலிருந்தே கையில் இருக்கின்றன.

சதுப்புக்காட்டை அழிக்காமலே விறகு எடுக்க முடியும் என்று நூறாண்டுக்கு மேலாகக் காட்டிவரும் பேராக் மாநிலத்து மாத்தாங் பற்றி அடுத்த பகுதியில்.